சிங்கப்பூர் தீம் பார்க்குக்குச் சின்னப் பிள்ளைகளோடு போகிறீர்களா? கொழும்புக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாடசாலை விடுமுறைக்குச் சிங்கப்பூர் போய் பிள்ளைகளுக்கு யூனிவர்சல் ஸ்டூடியோஸ் காட்டுவோம் என்று முடிவானதும், பெரும்பாலான வீடுகளில் முதலில் நடப்பது மலிவான விமானச்சீட்டுத் தேடுவதுதான். அதற்கு முன் கையில் எடுக்க வேண்டியது அளவு நாடா. இந்தப் பயணத்தில் பணமும் கண்ணீரும் அதிகம் வீணாவது இரண்டு விஷயங்களைக் கவனிக்காததால். ஒன்று பிள்ளையின் உயரம். மற்றது பிள்ளையின் உடம்புக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கொழும்பு நேரம்.

வயதைப் பார்த்து டிக்கெட் எடுப்பது

டிக்கெட் விலை வயதைப் பொறுத்தது. அங்கே 4 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு டிக்கெட் தேவையில்லை, 4 முதல் 12 வரை சிறுவர் டிக்கெட். ஆனால் ராட்டினங்களில் ஏற்றுவதா இல்லையா என்று தீர்மானிப்பது வயது அல்ல, சென்ரிமீற்றர். ட்ரான்ஸ்ஃபோர்மர்ஸ் சவாரியில் ஏற 102 செ.மீ. வேண்டும். ஜுராசிக் பார்க் தண்ணீர்ச் சவாரிக்கு 107, மம்மிக்கு 122, பட்டில்ஸ்டார் கலக்டிகாவுக்கு 125. சின்னவர்களுக்கான கனோபி ஃபிளையருக்கும் 92 இருக்க வேண்டும். புஸ் இன் பூட்ஸ் சவாரிக்கு 100.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 4 வயதில் நடுத்தர உயரம் ஏறக்குறைய 103 செ.மீ. நம் பிள்ளைகள் பலர் அதற்குக் கீழேதான் நிற்பார்கள். அதாவது 4 வயதுக்காரர் 102 என்ற கோட்டுக்கு ஒரு விரல் மேலேயோ கீழேயோதான் இருப்பார். 122 செ.மீ. என்பது 7 வயது நடுத்தர உயரம். ஆகவே 5 வயதுப் பிள்ளைக்கு டிக்கெட்டுக்கு மேல், வரிசையைச் சுருக்கும் எக்ஸ்பிரஸ் பாஸும் வாங்குவது, ஏற முடியாத பெரிய சவாரிகளுக்கும் சேர்த்துக் காசு கட்டுவது போலத்தான். எக்ஸ்பிரஸ் வேண்டுமென்றால், 107 செ.மீ. தாண்டிய பிள்ளைக்கு மட்டும் யோசியுங்கள்.

அளப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. சப்பாத்தைக் கழற்றி, குதிகால் சுவரில் பட நிற்க வைத்து, தலையில் ஒரு தடித்த புத்தகத்தை மட்டமாக வைத்துக் கோடு போடுங்கள். காலையில் எழும்பியவுடன் அளக்காமல் பின்னேரம் அளங்கள். நாள் முழுக்க ஓடித்திரியும்போது முதுகெலும்புத் தட்டுகள் அமுங்குவதால் பின்னேர உயரம் சற்றுக் குறைவாக இருக்கும், ஒரு சென்ரிமீற்றர் வரைகூட. வீட்டில் காலையில் 102 இருந்த பிள்ளை, வாசலில் பின்னேரம் 101.5 ஆகத் திருப்பி அனுப்பப்படுவது இப்படித்தான். ஊழியரோடு வாதாடிப் பயனில்லை. பாதுகாப்புப் பட்டி எந்த உடம்பளவைப் பிடிக்கும் என்று பார்த்து வைத்த கோடு அது.

அளந்து முடிந்ததும் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, இது நீ ஏறலாம், இது அடுத்த முறை என்று வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். வெள்ளவத்தை வீட்டுக் கதிரையில் கேட்கும் ‘இல்லை’யைப் பிள்ளை பத்து நிமிடத்தில் மறந்துவிடும். நாற்பது நிமிடம் வரிசையில் நின்ற பிறகு கேட்கும் ‘இல்லை’ அன்றைய நாளையே கெடுத்துவிடும். பராமரிப்புக்காக மூடப்படும் சவாரிகளின் திகதிகளைப் பூங்கா தன் இணையதளத்தில் முன்கூட்டியே போடும். திகதி குறிப்பதற்கு முன் அதையும் ஒரு தரம் பாருங்கள்.

கொழும்பு மணிக்கூட்டை மறப்பது

சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணித்தியாலம் முன்னே. பெரியவர்களுக்கு இது ஒரு சின்ன விஷயம். சின்னப் பிள்ளைகளுக்கு நாள் முழுவதும் அதில்தான் தங்கியிருக்கிறது, ஆனால் திட்டம் போடும்போது அதைக் கணக்கில் எடுப்பவர்கள் குறைவு.

நள்ளிரவை ஒட்டிக் கட்டுநாயக்கவில் புறப்படும் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பறக்கும் நேரம் சுமார் 4 மணித்தியாலம். இறங்கும்போது அங்கே காலை 7 மணி, பிள்ளையின் உடம்பில் அதிகாலை 4.30. பிள்ளை தூங்கியிருந்தால் மூன்று மணித்தியாலம் தூங்கியிருக்கும். அறை பொதுவாகப் பின்னேரம் 2, 3 மணிக்குத்தான் கிடைக்கும் என்பதால், ‘நேரத்தை வீணாக்காமல்’ நேரே பூங்காவுக்குப் போய்விடலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். இதைவிடப் பெரிய தவறு இந்தப் பயணத்தில் இல்லை. இறங்கும் நாளில் எந்த டிக்கெட்டும் வேண்டாம். பைகளை ஹோட்டலில் வைத்துவிட்டு ஒரு நல்ல காலைச் சாப்பாடு, நிழலான ஒரு இடம், அறை கிடைத்ததும் தூக்கம். சற்று அதிகம் கொடுத்தாலும் பகல் விமானம் கிடைத்தால் அதுவே நல்லது.

அடுத்த நாளும் இதே கணக்குத்தான். வீட்டில் இரவு 8.30க்குத் தூங்கும் பிள்ளைக்கு அங்கே தூக்கம் வருவது 11 மணிக்கு. காலை 6.30க்கு எழும்பும் பிள்ளை அங்கே 9 மணிக்குக் கண் விழிக்கும். மூன்று, நான்கு நாள் பயணத்தில் இதை மாற்ற முயல வேண்டாம். மாற்றி முடிப்பதற்குள் திரும்பும் நாள் வந்துவிடும். அதோடு ஒத்துப்போனால் நமக்கே லாபம். பூங்கா பெரும்பாலான நாட்களில் 10 மணிக்குத்தான் திறக்கும், பிள்ளைக்கு அது 7.30. ஊரில் முன்பள்ளிக்கு வெளிக்கிடும் நேரம்.

சாப்பாடும் அப்படித்தான். எல்லோரும் மதியம் 12க்கும் 1 மணிக்கும் உணவகங்களை அடைத்துக்கொண்டு நிற்கும்போது நம் பிள்ளைக்கு மணி 10. பசிக்காத பிள்ளைக்கு விலை கொடுத்து வாங்கிய சோற்றை ஊட்டப் போய் இரண்டு பேரும் அழுவதில் அர்த்தமில்லை. அந்த நேரம் வரிசை குறையும், சவாரிகளைப் பாருங்கள். 2.30, 3 மணிக்கு மேசைகளும் காலியாகும், பிள்ளைக்கும் உண்மையாகவே பசிக்கும். வீட்டில் பகல் 1 மணிக்குத் தூங்கும் பிள்ளையின் தூக்கம் அங்கே 3.30க்கு வரும். அந்த ஒரு மணித்தியாலத்தை ஏசி ஓடும் காட்சி அரங்கிலோ தள்ளுவண்டியிலோ கழிக்கும்படி திட்டத்தில் வெறுமையாக விடுங்கள்.

இதே காரணத்துக்காக, இரவில் திறக்கும் மிருகக்காட்சிசாலையான நைட் சஃபாரி நம் பிள்ளைகளுக்கு மிகவும் பொருந்தும். அது திறக்கும் 7.15 பிள்ளைக்குப் பின்னேரம் 4.45தான், விளையாடும் நேரம். ஆனால் பூங்காவுக்குப் போன அதே நாளில் வைக்கக் கூடாது. பிள்ளை மிருகங்களைப் பார்க்காமல் டிராமிலேயே தூங்கிவிடும்.

பக்கேஜில் எழுதியிருப்பதை அப்படியே ஏற்பது

காலி வீதி நெடுகப் பயண முகவர்கள் தரும் பக்கேஜ்களைக் குறை சொல்லவில்லை. விமானமும் ஹோட்டலும் சேர்ந்து வருவது வசதிதான். ஆனால் அவை பெரியவர்களை நினைத்துப் போடப்பட்டவை. ‘காலை 8 மணிக்கு ஹோட்டல் வாசலில் வாகனம்’ என்று இருந்தால், பிள்ளையின் 5.30க்கு அது வாசலில் நிற்கிறது என்று வாசியுங்கள். பூங்காவுக்குப் போய்வரும் வாகனத்தை நீக்கி, டிக்கெட் மட்டும் தரச் சொல்லிக் கேளுங்கள். கூட்டத்தோடு போகும் வாகனம் பூங்கா மூடும் நேரத்துக்குத்தான் திரும்பும். பிள்ளை 4 மணிக்கே ‘வீட்டுக்குப் போவோம்’ என்று அழுதால் உங்களுக்கு வழி இல்லை.

டிக்கெட்டுகள் திகதி குறித்தவை. முகவர் எந்தத் திகதிக்கு எடுத்தார் என்று கையில் வந்ததும் பாருங்கள். செவ்வாய், புதன், வியாழன் நல்லவை. மாதத்தைப் பொறுத்தவரை, நம் மூன்று விடுமுறைகளில் ஆகஸ்ட் நல்லது, ஏனென்றால் அங்கே அப்போது பாடசாலை நடக்கும். 9ஆம் திகதி அவர்களின் தேசிய தினம், அதை ஒட்டிய நாட்களை மட்டும் தவிருங்கள். டிசம்பரில் அவர்களுக்கும் ஆண்டிறுதி விடுமுறை, மழையும் அப்போதுதான் அதிகம். மின்னல் அடித்தால் வெளியிலுள்ள சவாரிகளை நிறுத்திவிடுவார்கள்.

கடவுச்சீட்டைக் கடைசியில் பார்ப்பது

பெற்றோரின் கடவுச்சீட்டு 10 வருடம் செல்லும் என்பதால் பிள்ளையுடையதும் அப்படியே என்று நினைத்துவிடுகிறோம். 3 வருடத்துக்கு எடுத்திருந்தால் அது எப்போதோ முடிந்திருக்கலாம். பயணத் திகதியிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். இலங்கையர் சுற்றுலாவுக்குச் சிங்கப்பூர் போக முன்கூட்டியே விசா எடுக்கத் தேவையில்லை. ஆனால் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், கைக்குழந்தைக்கும்கூட. இறங்கும் நாளோடு சேர்த்து 3 நாட்களுக்குள் நிரப்பலாம். அது முற்றிலும் இலவசம். காசு கேட்கும் பக்கம் வந்தால் மூடிவிடுங்கள், அது அரசாங்கத்தின் பக்கம் அல்ல.

தள்ளுவண்டி வேண்டாம் என்று விடுவது

கொழும்பு நடைபாதைகளில் தள்ளுவண்டி ஓட்ட முடியாது. ஆகவே பல வீடுகளில் அது இல்லை, இருந்தாலும் இரண்டு வயதோடு மூலைக்குப் போய்விடும். ‘பிள்ளை நல்லா நடப்பான்’ என்று அம்மம்மாவும் உறுதி சொல்வார். நடப்பான்தான், வெள்ளவத்தைச் சந்தைக்குப் போய்வரும் தூரம். பூங்காவில் ஒரு நாளில் நடப்பது அதைப்போலப் பல மடங்கு, அதுவும் வெயிலில். 5 வயது வரை தள்ளுவண்டி அவசியம். குடை போல மடியும் இலேசான ஒன்றை இரவல் வாங்கினாலும் போதும். விமான வாசல் வரை தள்ளிக்கொண்டு போய் அங்கே ஒப்படைக்கலாம். பூங்காவில் வாடகைக்கும் கிடைக்கும், ஆனால் ரயில் நிலையத்திலிருந்து வாசல் வரையும், திரும்பித் தூங்கி வழியும் பிள்ளையோடு ஹோட்டல் வரையும் அது வராது. ஹோட்டல் புக் பண்ணும்போது லிஃப்ட் இருக்கிறதா என்று கேளுங்கள்.

புதுச் சப்பாத்து வாங்கினால் இரண்டு கிழமைக்கு முன்பே போட்டுப் பழக்குங்கள். தண்ணீர்ச் சவாரியில் நனையும் என்பதால் மாற்றுக் காலுறையும் செருப்பும் பையில் இருக்கட்டும்.

அங்கே போய்வரும் வழி

சாப்பாட்டுக்காக லிட்டில் இந்தியாவில் தங்குவது நம்மவர்களுக்கு நல்ல தீர்மானம். காலையில் இட்லி, தோசை, பிள்ளைக்குப் பழகிய ருசி. அங்கிருந்து வடகிழக்குப் பாதை எம்.ஆர்.டி. ரயிலில் ஏறினால் மாறாமல் ஹார்பர்ஃபிரண்ட் வரை போகலாம். மேலே விவோசிட்டி கடைத்தொகுதி. அதன் 3ஆம் மாடியில், பூங்கா இருக்கும் செந்தோசாத் தீவுக்குப் போகும் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில். தீவுக்குள் போக ஆளுக்கு 4 சிங்கப்பூர் டொலர், திரும்பி வர இலவசம். முதல் நிறுத்தத்தில் இறங்குங்கள். பலர் கடைசி நிறுத்தமான கடற்கரை வரை போய் மறுபடி திரும்பி வருகிறார்கள். எம்.ஆர்.டி.க்குள் சாப்பிடவும் குடிக்கவும் தடை, அபராதம் 500 டொலர் வரை போகலாம். ஆகவே பிஸ்கட்டை ஏறுவதற்கு முன்பே கொடுத்து முடியுங்கள்.

வாடகைக் காரைச் செயலியில் அழைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: 1.35 மீற்றருக்குக் குறைந்த பிள்ளைகளைச் சிறுவர் இருக்கை இல்லாமல் அந்தக் கார்களில் ஏற்றக் கூடாது, அது அங்கே சட்டம். சாதாரண டாக்சிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. சிறுவர் இருக்கையுள்ள வகையைத் தெரிவு செய்யுங்கள், அல்லது டாக்சி நிறுத்தத்துக்குப் போங்கள். இரவு 10 மணிக்குத் தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த கார் ஏற்ற மறுத்துப் போவதைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை.

ஒத்திகை பாராமல் போவது

உங்கள் பிள்ளைக்கு இருட்டும் பெரிய சத்தமும் பிடிக்குமா என்று அங்கே போய்த்தான் தெரிய வேண்டுமா? ஹங்வெல்லப் பக்கம் லெஷர் வேர்ல்ட் இருக்கிறது, பண்டாரகமவில் பேர்ல் பே இருக்கிறது. பயணத்துக்கு ஒரு மாதம் முன் போயா நாளும் ஞாயிறும் இல்லாத ஒரு நாளில் போய்வாருங்கள். எத்தனை நிமிடம் வரிசையில் நிற்கும், எத்தனை மணித்தியாலத்தில் களைக்கும், சுழலும் சவாரியில் வாந்தி வருமா என்பதெல்லாம் அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும். மூன்று மணித்தியாலத்தில் களைக்கும் பிள்ளை அங்கேயும் மூன்று மணித்தியாலத்தில்தான் களைக்கும். திட்டத்தை அதற்கேற்ப வெட்டுங்கள்.

வரிசையில் நிற்கும்போது

கழிப்பறைக்குப் போகாமல் வரிசையில் சேராதீர்கள். வெளியே வந்தால் இடம் போய்விடும். பெரிய பிள்ளையோ நீங்களோ ஏற விரும்பும் சவாரியில் சின்னதை ஏற்ற மாட்டார்கள் என்றால், ஒருவர் சின்னதோடு காத்திருந்து மற்றவர் வந்ததும் மறுபடி வரிசையில் நிற்காமல் மாறிக்கொள்ளும் வசதி உண்டு. சைல்ட் ஸ்விட்ச் என்பார்கள். வரிசையில் சேருவதற்கு முன் வாசலில் நிற்பவரிடம் கேட்க வேண்டும். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், ஆகவே வெறும் போத்தல்களைக் கொண்டு போய் நிரப்புங்கள். காய்ச்சல் மருந்தும், வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனியும் பழகிய அளவில் இங்கிருந்தே போகட்டும்.

பிள்ளை தொலைந்தால் என்ன செய்வது என்பதை யாரும் பேச விரும்புவதில்லை, ஆனால் பேச வேண்டும். ‘உன் அம்மாவின் பெயர் என்ன?’ என்று உங்கள் பிள்ளையிடம் இப்போதே கேட்டுப் பாருங்கள். ‘அம்மா’ என்றுதான் பதில் வரும். முழுப் பெயரைச் சொல்லப் பழக்குங்கள். காணாவிட்டால் நடந்து தேடாமல் நின்ற இடத்திலேயே நிற்கவும், சட்டையில் பெயர்ப் பட்டி குத்திய ஒருவரிடம் போகவும் சொல்லிக் கொடுங்கள். அங்கே வாங்கும் சிம்மின் இலக்கத்தைப் போல்பொயின்ற் பேனாவால் ஒரு பிளாஸ்ரரில் எழுதி, பிள்ளையின் சட்டைக்கு உட்பக்கம் ஒட்டுங்கள். ஹோட்டலை விட்டு வெளிக்கிடும்போது, பிள்ளையை அன்றைய உடுப்போடு தலையிலிருந்து கால் வரை கைபேசியில் ஒரு படம் எடுங்கள். ஒவ்வொரு காலையும் புதிதாக எடுக்க வேண்டும். பதற்றத்தில் சட்டை என்ன நிறம் என்று நினைவுக்கு வராது, ஊழியரிடம் அந்தப் படத்தை நீட்டினால் போதும்.