பண்ணையிலிருந்து வரும் காய்ப் பெட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழி, தை மாதங்களில் பெட்டியைத் திறந்தால் அவரை, மொச்சை, சிறுகிழங்கு, பரங்கிக்காய், இரண்டு கட்டுக் கீரை, இலையோடு முள்ளங்கி எல்லாம் இருக்கும். "பீன்ஸ், கேரட் இல்லையே" என்று கடைக்குக் கிளம்புவதுதான் முதல் தவறு. வாரச் சமையலை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் மொச்சைக்கு அதில் இடமே இருக்காது. நாலு நாள் கிடந்து குப்பைக்குப் போகும். பெட்டி வந்த பிறகு யோசியுங்கள். எது சீக்கிரம் வாடுமோ அதை முதலில் சமையுங்கள். கீரை அன்றோ மறுநாளோ, அவரையும் வெண்டையும் வார நடுவில், கிழங்கும் பூசணியும் கடைசியில்.

அடுத்தது, வந்ததும் எல்லாவற்றையும் கழுவி ஃப்ரிட்ஜில் அடைப்பது. ஈரத்தோடு வைத்த கீரை சீக்கிரமே அழுகத் தொடங்கிவிடும். வேரை நறுக்கி, கழுவாமல் உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் போதும். முள்ளங்கி, பீட்ரூட் இலைகளை உடனே வெட்டிவிடுங்கள். விட்டுவைத்தால் இலை கிழங்கின் ஈரத்தை இழுத்து, கிழங்கு துவண்டுபோகும். வெட்டிய முள்ளங்கி இலையைப் பாசிப்பருப்போடு அன்றைக்கே கூட்டு வைக்கலாம், அவ்வளவு ருசி. கத்தரிக்காய்க்கு அதிகக் குளிர் ஆகாது. ஓரிரு நாளில் சமைப்பதென்றால் வெளியிலேயே இருக்கட்டும். முழுப் பரங்கியும் வெளியில் வாரக்கணக்கில் தாங்கும். வெட்டிவிட்டால் மட்டும் விதையை வழித்து ஃப்ரிட்ஜில் வைத்து, மூன்று நாளில் முடித்துவிடுங்கள். வாழைப்பழம் கீரைக்குப் பக்கத்தில் வேண்டாம். பழம் விடும் வாயுவில் இலை மஞ்சளாகிவிடும்.

ஓட்டை விழுந்த இலையைத் தூக்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கும். பூச்சி கடித்த இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்து, நன்றாக அலசி எடுத்தால் போதும். கொழகொழப்பானதை மட்டும் கழியுங்கள்.

சமையலில் அதிகம் நடக்கும் தவறு, புளியை முன்கூட்டியே ஊற்றுவது. புளிப்பு சேர்ந்தால் காய் மென்மையாவது தாமதமாகும். மொச்சையும் அவரையும் வெந்த பிறகே புளி. கருணைக்கிழங்கு மட்டும் வேறு கதை. அதில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால்தான் நாக்கு அரிக்கிறது. அரிசி கழுவிய தண்ணீரில் நன்றாக வேகவிட்டு, புளி தாராளமாகச் சேருங்கள். பெட்டியில் புதுக் கிழங்கு வந்தால் அவசரப்படாமல் காற்றாட வைத்திருந்து சமைப்பது நல்லது. அப்புறம் நாட்டுத் தக்காளி. அதற்குப் புளிப்பு அதிகம், ரசத்துக்கு வழக்கமான அளவு புளியைக் கரைத்துவிடாதீர்கள். ஒரு துண்டைக் கடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மிஞ்சியதை மழை மூட்டத்தில் வற்றல் போடாதீர்கள். சரியாகக் காயாமல் பூஞ்சை பிடித்து, இரண்டு முறை எங்கள் வீட்டில் மொத்தமும் வீணாகியிருக்கிறது. வற்றலுக்குச் சித்திரை வெயில்தான் வேண்டும். அப்போது பெட்டியில் சுண்டைக்காய் வந்தால் லேசாகத் தட்டி, அலசி, உப்புப் போட்ட மோரில் இரவு ஊறவையுங்கள். காலையில் எடுத்து வெயிலில் காயவைத்து, மாலையில் திரும்ப அதே மோரில் போடுங்கள். மோர் முழுவதும் வற்றும்வரை இப்படிச் செய்து, பிறகு கையில் எடுத்தால் கலகலவென்று சத்தம் வரும்வரை காயவையுங்கள்.