கதவைச் சாத்தினால் கதறும் நாய்

காப்பகத்திலிருந்து வந்த நாய் முதல் பத்துப் பதினைந்து நாள் சத்தமே காட்டாது. மூலையில் படுக்கும், கொடுத்ததைத் தின்னும், நீங்கள் குளிக்கப் போனால் குளியலறை வாசலில் காத்துக் கிடக்கும். “என்ன சமர்த்து!” என்று வீட்டில் எல்லாரும் மெச்சி முடிப்பதற்குள் பள்ளி விடுமுறை முடிந்துவிடும். திங்கட்கிழமை ஆளுக்கொரு திசையாகப் போனதும் கொண்டோ அலுவலகத்திலிருந்து ஃபோன் வரும்: உங்கள் வீட்டு நாய் காலையிலிருந்து ஊளையிடுகிறது.

நாய் திடீரென்று கெட்டுப்போகவில்லை. முதலில் புது இடத்து மிரட்சியில் அடங்கிக் கிடந்தது. இப்போதுதான் உங்கள் மேல் ஒட்டுதல் வந்திருக்கிறது, அதோடு உங்களை இழந்துவிடுவோமோ என்ற பயமும் வந்திருக்கிறது. கடித்த சிலிப்பரும் நனைந்த தரையும் பழிவாங்கல் அல்ல. நீங்கள் திரும்பி வந்ததும் தலையைத் தொங்கப் போட்டு, காதை மடக்கி நிற்கிறதே, அதுவும் குற்ற உணர்ச்சி அல்ல. உங்கள் முகத்தைப் பார்த்துப் பயப்படுகிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் ரோத்தானைத் தூக்கினால், “தனிமையும் கொடுமை, இவர் திரும்பி வருவதும் கொடுமை” என்று இரண்டு பயமாகிவிடும்.

பயமா, பொழுதுபோகாத சேட்டையா?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் தொடங்க வேண்டாம். பழைய கைப்பேசி ஒன்றை வாசல் கதவு தெரியும்படி வைத்து, வாட்சப் வீடியோ அழைப்பைப் போட்டுவிட்டுக் கீழே போய் நின்று பாருங்கள். சேட்டைக்கார நாய் கொஞ்சம் தூங்கும், எழுந்து தலையணையைக் கிழிக்கும், மறுபடியும் தூங்கும். பயந்த நாய் பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே, பல நேரம் முதல் சில நிமிடங்களிலேயே, நிலைகொள்ளாமல் போய்விடும். கதவுச் சட்டம், கிரில், சன்னல் என்று வெளியே போகும் வழியைத்தான் பிராண்டும், கடிக்கும். எச்சில் குளமாக ஒழுகும். தட்டில் கோழி இருந்தாலும் தொடாது.

கதறல் தொடங்கும் நேரத்தைவிட, அதற்கு முன் வரும் முதல் அறிகுறி எத்தனையாவது வினாடியில் வருகிறது என்பதே முக்கியம். உதட்டை நக்குதல், தூக்கம் வராமலே கொட்டாவி, வெயில் இல்லாமலே மூச்சிரைத்தல், ஒரு முன்னங்காலைத் தூக்கி நிற்றல், கதவுக்கும் சோபாவுக்கும் நடையாய் நடத்தல் எல்லாம் அந்த வகை. வெவ்வேறு நாளில் மூன்று முறை பார்த்து, அந்த வினாடிகளில் மிகக் குறைந்ததை எழுதி வையுங்கள். நாய் தாங்கும் நேரம் அதுதான்.

வீட்டில் வேறொருவர் இருந்தால் நாய் அமைதியாக இருக்கிறதா என்றும் ஒரு தடவை சோதியுங்கள். யார் இருந்தாலும் போதும் என்றால் வேலை பாதி குறைந்தது. குறிப்பிட்ட ஓர் ஆள் போனால்தான் கலங்குகிறது என்றால், சோறு வைப்பதையும் நடக்கக் கூட்டிப் போவதையும் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுங்கள்.

முன்பு ஒழுங்காக இருந்த நாய் திடீரென்று வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்று, மூட்டு வலி, நம் ஊரில் சகஜமான உண்ணிக் காய்ச்சல் எல்லாம் நாயை நிலைகொள்ளாமல் ஆக்கும்.

பழக்கும் காலத்தில் தனியே விடாதீர்கள்

முறை எத்தனை நல்லதாக இருந்தாலும் இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். காலையில் 20 வினாடி பழக்கிவிட்டு மதியம் 4 மணி நேரம் தனியே விட்டால், காலையில் சேர்த்தது மதியமே போய்விடும். நாய் பொறுத்துப் பொறுத்துப் பழகிவிடும் என்பது நடக்காத கதை. ஒவ்வொரு கதறலும் அடுத்த கதறலுக்கு ஒத்திகை.

ஆகவே முதலில் ஒரு வார அட்டவணை போடுங்கள். யார் எந்த நேரம் வீட்டில், வீட்டிலிருந்து வேலை செய்ய எந்த நாள் கிடைக்கும், பாட்டி எப்போது வருவார், பக்கத்து வீட்டு அக்கா எத்தனை மணி நேரம் பார்த்துக்கொள்வார் என்று எழுதினால் ஓட்டை எங்கே என்று தெரியும். அந்த ஓட்டைக்கு மட்டும் கூலிக்கு ஆள் வையுங்கள். நாய்ப் பராமரிப்பு மையம் எல்லா நாய்க்கும் ஒத்துவராது. தொட்டாற்சிணுங்கி நாய் இருபது நாய்க் கூட்டத்தில் இன்னும் ஒடுங்கிப்போகும், அரை நாள் விட்டுப் பார்த்து முடிவெடுங்கள். காடியில் விட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் கடைக்குப் போய் வருவதென்பது வேண்டவே வேண்டாம். கோலாலம்பூர் வெயிலில் மூடிய காடி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும், சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கும் சூடாகிவிடும்.

இன்னொரு நாய் வாங்கி வந்தால் துணையாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். இந்த நாய் தேடுவது மனிதத் துணையை. சில வீடுகளில் பலித்திருக்கலாம், ஆனால் பெரும்பாலும் ஊளையிட இரண்டு நாய் இருக்கும்.

இடம்

கூண்டில் அடைத்தால் பத்திரம் என்று தோன்றும். பயத்தில் இருக்கும் நாய் கூண்டுக் கம்பியைக் கடித்துப் பல் உடைத்துக்கொள்ளும், நகம் பெயர்த்துக்கொள்ளும். கூண்டுக்குள் தானாகவே போய்த் தூங்கும் நாய் என்றால் கதவைத் திறந்தே வையுங்கள். மற்ற நாய்களுக்கு ஹாலும், அது வழக்கமாகப் படுக்கும் அறையும் போதும். வாசலில் குழந்தைகளுக்குப் போடும் தடுப்பு ஒன்று போடலாம்.

கொண்டோவில் பால்கனிக் கதவைப் பூட்டியே வையுங்கள். மிரண்ட நாய் கைப்பிடிச் சுவரைத் தாண்டும். தாமான் வீடுகளில் ஆபத்து வேறு: தானியங்கி கேட் திறக்கும் அந்த சில வினாடிகளில் நாய் சாலைக்குப் போய்விடும், கேட்டுக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி இருந்தாலும் போதும். காடி நிறுத்தும் முன்வாசலில் சங்கிலியில் கட்டிப் போடுவதால் குரைப்பு குறையாது, தெருவுக்கே கேட்கும்.

கதவுப் பயிற்சி

நாய் தாங்கும் நேரம் 40 வினாடி என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதியில், 20 வினாடியில், தொடங்குங்கள். நாய் நடந்து, மலஜலம் கழித்து, பசியாறி, சோம்பிக் கிடக்கும் காலை நேரமே நல்லது.

முதலில் கதவைத் திறந்து மூடுவது மட்டும். நாய் தலையைத் தூக்காமல் இருக்கும்வரை இதுதான் பயிற்சி, இரண்டு நாள் ஆனாலும் சரி. பிறகு வெளியே கால் வைத்து 2 வினாடியில் திரும்புங்கள். அடுத்தது 5, அடுத்தது 3, அடுத்தது 8. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நிமிடமாவது உட்கார்ந்திருங்கள், நாய் படுத்த பிறகுதான் அடுத்த முறை. கடைசியாக அன்றைய இலக்கு, 20 வினாடி. எல்லாம் சேர்த்து அரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். வாரத்துக்கு 5 நாள் போதும். மீதி இரண்டு நாள் ஓய்வு, உங்களுக்கும்தான்.

கைப்பேசியில் நாயைப் பார்த்துக்கொண்டே இருங்கள். படுத்தே இருந்தாலோ, கதவுவரை வந்து மோந்துவிட்டுத் திரும்பிப் போனாலோ தேறியது. மறுநாள் 24, அதற்கடுத்து 30. ஏறிக்கொண்டே போகாதீர்கள், 30க்குப் பின் 12, பிறகு 35, பிறகு 10 என்று கலைத்துப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் நேரம் கூடுகிறது என்பதை நாய் கண்டுபிடித்துவிடும். முதல் அறிகுறி தெரிந்தால் உடனே உள்ளே வாருங்கள். “அழும்போது திரும்பினால், அழுதால் வருவார்கள் என்று பழகிவிடும்” என்ற பயத்தில் வெளியே நிற்க வேண்டாம். அழவிட்டதே நம் கணக்குப் பிழைதான், நாயின் தந்திரம் அல்ல. இரண்டு நாள் தொடர்ந்து தோற்றால், கடைசியாக மூன்று முறை சுலபமாகத் தாங்கிய நேரத்துக்குத் திரும்புங்கள்.

ஒரு நோட்டில் தேதி, மணி, வானிலை, இலக்கு, கிடைத்தது, முதல் அறிகுறி என்று ஆறு கட்டம் போட்டு நிரப்புங்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், இடி இடித்த மறுநாளோ வீட்டில் சண்டை நடந்த மறுநாளோ நேரம் சரிந்திருப்பது கண்ணில் படும். இப்படிப்பட்ட நாய்க்குக் குரல் உயர்ந்தாலே அன்றைய கணக்கு போச்சு.

கொண்டோவில் ஒரு சிக்கல் உண்டு: லிஃப்ட் மணி. பல நாய்களுக்கு “போய்விட்டார்” என்பதற்கு அடையாளம் கதவுச் சத்தம் அல்ல, லிஃப்ட் சத்தம். முதல் சில வாரம் படிக்கட்டுப் பக்கம் நில்லுங்கள். லிஃப்டை அழைப்பதைத் தனிப் படியாகச் சேருங்கள், அப்போது நேரத்தை மறுபடியும் சில வினாடிகளுக்குக் குறைத்துத் தொடங்குங்கள்.

40 நிமிடம் வரைதான் கஷ்டம். அதைத் தாண்டிய பின் ஐந்தைந்து நிமிடமாகவும் பிறகு பதினைந்து பதினைந்து நிமிடமாகவும் கூட்டலாம். ஒன்றரை மணி நேரம் தூங்கியபடி கழிக்கும் நாய் பெரும்பாலும் அரை நாளும் தாங்கும். அங்கே போய்ச் சேர மாதக் கணக்கில் ஆகும். ஒரு வாரத்தில் தீர்த்துத் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

சாவி, சிலிப்பர், பை

சாவிக்கொத்தை ஒரு நாளைக்கு ஐம்பது தடவை எடுத்து வைத்தால் நாய்க்கு மரத்துப்போகும் என்பது பழைய அறிவுரை. துணிச்சலான நாய்க்குச் சரி. பயந்த நாய்க்கு அது ஐம்பது அதிர்ச்சி. எதையும் எடுக்காமல் வெறும் கையோடு வெளியே போகும் பயிற்சியை முதலில் உறுதிப்படுத்துங்கள். நாய் ஐந்து நிமிடம் தாங்கத் தொடங்கிய பிறகு சிலிப்பரைச் சேருங்கள், பிறகு சாவி, கடைசியில் அலுவலகப் பை. புதிதாக ஒன்று சேரும்போதெல்லாம் நேரத்தைக் குறையுங்கள்.

போகும்போது நீண்ட பிரியாவிடை தேவையில்லை, ஒரு வார்த்தை போதும். வந்ததும் கண்டுகொள்ளாமல் இருப்பதும் தேவையில்லை. கொஞ்சினால் பயம் கூடும் என்பது தவறு, பயத்தில் இருப்பதைத் தடவிக் கொடுத்தால் தாராளமாகத் தெம்பு வரும்.

தீனி

நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் பொம்மையில் வேகவைத்த பூசணி, உப்பில்லாத கோழி, கொஞ்சம் சோறு அடைத்து உறைய வைத்துக் கொடுக்கலாம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பு) கலந்த எதுவும் கூடாது, வெந்த எலும்பும் கூடாது. ஆனால் தீனி மருந்து அல்ல. நக்கி முடிக்கும்வரை அமைதி, முடிந்த வினாடி கதறல் என்பது அடிக்கடி நடப்பதுதான். வெளியே போகும்போது மட்டும் கொடுத்தால் அந்தப் பொம்மையே பிரிவின் அடையாளமாகி, பார்த்ததும் நடுங்கும். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதுதான் அதிகம் கொடுக்க வேண்டும். வெளியே போகும்போது துணைக்குப் போட்டுவிடும் ரேடியோவுக்கும் இதே விதி.

இடியும் வெடியும்

தனிமைக்குப் பயப்படும் நாய்களில் பல சத்தத்துக்கும் பயப்படும். கோலாலம்பூரில் ஏப்ரல், மே, பிறகு அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை இடிமழை கிட்டத்தட்ட அன்றாடம். கதவுப் பயிற்சியை முற்பகலில் முடித்துவிடுங்கள். பினாங்கில் தென்மேற்குப் பருவக் காலத்தில் விடியலுக்கு முன் சுழற்றியடிக்கும் காற்று மழை வரும், அன்று பயிற்சி வேண்டாம். தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும், பினாங்கில் அதன் ஒன்பதாம் நாளை ஒட்டிய இரவுக்கும், வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும். திறந்த இல்ல உபசரிப்புக்கு முறை வைத்துப் போகலாம். உள்ளறையில் மின்விசிறி, கனத்த திரை, பழைய போர்வை. வெடிச் சத்தம் தொடங்குவதற்கு முன்பே நடந்துவிட்டு வாருங்கள்.

மருந்து

நாய் தாங்கும் நேரம் சில வினாடிகள்தான் என்றாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, மருந்தைக் கடைசி ஆயுதமாக ஒளித்து வைக்காதீர்கள். தொடக்கத்திலேயே கேளுங்கள். ஃபுளுவாக்செட்டின், குளோமிப்பிரமின் இரண்டும் இதற்கென்றே தரப்படுபவை. பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும், முதல் நாள்களில் பசி குறையலாம், நினைத்த நாளில் நிறுத்தக் கூடாது. பயிற்சியோடு சேர்த்தால்தான் பயன். அமிட்ராஸ் என்ற உண்ணிக்கொல்லி உள்ள கழுத்துப் பட்டையோ கழுவு மருந்தோ பயன்படுத்தினால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், இந்த மருந்துகளோடு அது சேரக் கூடாது. அசெப்ரோமசின் என்ற மயக்க மருந்தை மட்டும் கொடுத்தால் உடல் அடங்கும், பயம் அடங்காது. வீட்டில் இருக்கும் பனடோலை அரைத்துக் கொடுப்பது விஷம். உள்ளூர் கிளினிக்கில் பிடிபடாவிட்டால் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை உண்டு. போகும்போது நோட்டையும் காணொளியையும் கொண்டு போங்கள்.

அக்கம்பக்கம்

அடுக்குமாடியில் இதை அலட்சியப்படுத்த முடியாது. 2015ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா (அடுக்குமாடி) நிர்வாக ஒழுங்குமுறைகளின்படி, மற்றவர்களுக்குத் தொல்லை தரும் விலங்கை அகற்றச் சொல்லி நிர்வாகம் எழுத்துமூலம் அறிவிப்பு கொடுத்தால் 3 நாளில் அகற்ற வேண்டும். புகார் எழுவதற்கு முன்பே நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். நாய் உரிமத்தைப் புதுப்பித்து ஒரு நகல் வைத்திருங்கள். இரண்டு பக்கத்து வீட்டுக்கும் மேல், கீழ் வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லுங்கள்: “அக்கா, காப்பகத்துலருந்து வந்த நாய், தனியா இருக்கப் பயப்படுது, பழக்கிக்கிட்டு இருக்கோம். குரைச்சா எத்தனை மணிக்குன்னு மட்டும் ஒரு வாட்சப் தட்டுங்க.” திட்டத் தயாராக இருந்தவர் தகவல் தருபவராகிவிடுவார். ஜாகாவிடமும் உங்கள் எண் இருக்கட்டும்.

ஆம்புலன்ஸ் சைரனுக்குக் கூடவே ஊளையிடும் நாயை இதில் சேர்க்க வேண்டாம். சைரன் நின்றதும் அதுவும் நிற்கும்.

வீடு மாறினாலோ, இரண்டு வாரம் எல்லாரும் விடுமுறையில் கூடவே இருந்துவிட்டாலோ, நேரம் சரியும். பழைய இலக்கில் பாதியிலிருந்து தொடங்குங்கள், இந்த முறை ஏறுவது முன்பைவிட வேகமாக இருக்கும்.