லூயிஜி கிர்ரியின் வழியில் வன்னியில் ஒரு வண்ண ஒளிப்படக் கண்காட்சி

இத்தாலியின் ஸ்கன்டியானோவில் 1943 இல் பிறந்து, நில அளவையாளராகப் பயிற்சி பெற்று, 1992 இல் மறைந்த ஒளிப்படக் கலைஞர் லூயிஜி கிர்ரி, கறுப்பு வெள்ளைப் படங்களே கலையாகப் பெரிதும் மதிக்கப்பட்ட 1970களில் வண்ணத்தைத் தேர்ந்தெடுத்தவர். கடற்கரை, சுவரொட்டி, வயல்வெளி போன்ற அன்றாடக் காட்சிகளை மென்மையான நிறங்களில், பெரும்பாலும் சிறிய அச்சுகளாகவே அவர் தந்தார். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு பாடசாலை மண்டபத்தில் மாணவர்களின் படங்களைக் காட்சிக்கு வைக்க விரும்புவோருக்கு அவரைவிட நல்ல வழிகாட்டி இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இரணைமடுக் குளக்கட்டையும் ஏ9 வீதியோரக் கடைச்சுவர்களையும் காலையிலோ மாலையிலோ படமெடுக்கச் சொல்லுங்கள். உச்சி வெயிலில் செம்மண்ணின் நிறம் வெளிறிவிடும். கைபேசியில் நிறங்களைச் செயற்கையாகக் கூட்டுவதை அறவே தவிருங்கள்.

சுவரே மிகுந்த கவனத்துக்குரியது. நம் பாடசாலைச் சுவர்கள் பச்சையாகவோ நீலமாகவோ இருந்தால், அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளி அருகிலுள்ள படங்களின் நிறத்தையே மாற்றிவிடும் என்பதால், வெள்ளைப் பலகைகளை நிறுத்தி அவற்றில் தொங்கவிடுவது நல்லது. எட்டுக்குப் பத்து அங்குல அச்சு போதும். சிறிய படம் பார்ப்பவரை அருகே அழைக்கும். பளபளப்பற்ற தாளில் அச்சிட்டு, படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 150 சென்ரிமீற்றர் உயரத்தில் வருமாறும், சிறுவர்களே அதிகம் வருவார்களெனில் இன்னும் தாழ்வாகவும் மாட்டுங்கள். யன்னல் வெயில் நேரடியாகப் படக்கூடாது. மஞ்சள் மின்குமிழையும் வெண்ணிறக் குழல்விளக்கையும் கலக்காமல், சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதன் அளவு) 90 இற்கு மேற்பட்ட ஒரே வகை விளக்குகளைப் பயன்படுத்துங்கள். குறிப்புச் சீட்டில் பெயர், இடம், ஆண்டு மட்டும் போதும்.