வென்ஃப்ளானை உடனே உருவாதீர்கள்

நான் கீமோ வார்டுக்கு வந்த புதிது. டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து ஏறிக்கொண்டிருந்த ஒரு அம்மா, "சிஸ்டர், ஊசி போட்ட இடம் எரியுது" என்றார். புறங்கையில் ஒரு ரூபாய் அளவுக்குத் தடிப்பு. பதறிப்போய் வென்ஃப்ளானை, அதாவது மருந்து ஏற்றக் கையில் செருகியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் குழாயை, உருவிவிட்டேன். சீனியர் சிஸ்டரிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது: கசிந்ததை இழுத்தெடுக்க இருந்த ஒரே வழியும் போச்சாம்.

லைன் அவுட் ஆனால், அதாவது மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால், முதலில் மருந்தை நிறுத்துங்கள். ட்யூபை மட்டும் கழற்றுங்கள், வென்ஃப்ளான் இருக்கட்டும். அதில் 2 சிசி சிரிஞ்சைப் பொருத்தி மெல்லப் பின்னால் இழுங்கள். நாலு சொட்டு வந்தாலும் லாபம்தான். சலைன் விட்டு ஃப்ளஷ் செய்து பார்க்கக் கை துறுதுறுக்கும். செய்தால் உள்ளே கிடப்பது இன்னும் பரவும். டாக்டருக்குச் சொல்லிவிட்டு, அப்புறம் வென்ஃப்ளானை எடுங்கள். பஞ்சை லேசாக வைத்தால் போதும், அழுத்தவோ தேய்க்கவோ கூடாது. தடிப்பின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து நேரத்தைக் குறியுங்கள். கையைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள்.

அடுத்தது ஒத்தடம். பலர் சறுக்குவது இதில்தான். டாக்ஸோரூபிசினுக்கு ஐஸ்: துணியில் சுற்றி 15–20 நிமிடம், நாளைக்கு நான்கு தடவை, ஓரிரு நாள். ரத்தக்குழாய் சுருங்கி மருந்து அந்த இடத்தோடு நிற்கும். இதற்கான மாற்று மருந்து டெக்ஸ்ரசாக்சேன். அதைப் போடுவதானால் கசிந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அதற்குக் கால் மணி முன்பே ஐஸை எடுத்துவிட வேண்டும். ராத்திரி என்று பார்க்காமல் டாக்டரை எழுப்புங்கள்.

வின்கிறிஸ்டின் என்ற இன்னொரு கீமோ மருந்து இதற்கு நேர் எதிர். ஐஸ் வைத்தால் புண் கூடும். வெதுவெதுப்பான ஒத்தடமும், கசிந்த மருந்து கலைந்துபோக உதவும் ஹையலுரோனிடேஸ் ஊசியும்தான். ஐசியூவில் பிரஷரை ஏற்றும் மருந்தான நார்அட்ரினலின் கசிந்தாலும் ஐஸ் வேண்டாம். ஆனால் அங்கே மருந்தை வெறுமனே நிறுத்தினால் பிரஷர் விழுந்துவிடும், மற்ற கையில் உடனே ஓடவிடுங்கள். அதற்கான மாற்று மருந்தான ஃபென்டோலமின் போடுவதானால் 12 மணி நேரத்துக்குள்.

இவ்வளவும் செய்தாலும் அன்றே ஒன்றும் தெரியாது. அந்த அம்மாவின் கை சாயங்காலம் நன்றாகவே இருந்தது. பத்தாம் நாள் கொப்புளத்தோடு வந்தார், தோல் ஒட்டவைக்கும் வரை போனது. இப்போதெல்லாம் யாரை வீட்டுக்கு அனுப்பினாலும், "தினமும் கையை போன்ல படம் எடுங்கம்மா, ஒரு மாசம் விடாம" என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். புறங்கையில் கீமோ லைன் போடுவதையும் விட்டுவிட்டேன். முன்கையில் நல்ல நரம்பாகத் தேடிப் போடுகிறேன்.