பயிலரங்கில் எழுதவும் பேசவும் 8 நிமிடம் ஒதுக்குங்கள்

சேலத்தில் மருத்துவ ஆசிரியர்களுக்குப் பயிலரங்கு நடத்துபவர்கள் கவனத்துக்கு. கடைசி நாள் வாங்கும் ஃபீட்பேக் படிவத்தில் "நன்றாக இருந்தது" என்றுதான் வரும். அதை வைத்து எதையும் திருத்த முடியாது.

ஒவ்வொரு அமர்வும் முடிந்த கையோடு அரைத்தாள் கொடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். என்ன நடந்தது, அதில் எனக்குப் புரிந்தது என்ன, அடுத்த வகுப்பில் எதை மாற்றுவேன்? 5 நிமிடம் பேசாமல் எழுதட்டும், 3 நிமிடம் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லட்டும். தேநீருக்குப் பிறகு என்று தள்ளினால் பாதி மறந்துவிடும்.

சறுக்குவது பெரும்பாலும் மூன்றாவது கேள்வியில். "மாணவர்களை இன்னும் ஈடுபடுத்துவேன்" என்றால் போதாது. "செவ்வாய்க்கிழமை வார்டில், காய்ச்சல் நோயாளியின் கட்டிலருகே, நான் வாய் திறக்கும் முன் மாணவரை 2 நிமிடம் பேச விடுவேன்" என்று நாள், இடம், செயல் மூன்றும் வேண்டும். நோயாளியின் பெயர் மட்டும் கூடாது.

துறைத்தலைவரையும் அவர் துறை உதவிப் பேராசிரியரையும் ஜோடி சேர்க்காதீர்கள். இளையவர் உண்மையைச் சொல்ல மாட்டார். மதிப்பெண்ணும் போடாதீர்கள், போட்டால் பிடித்த மாதிரி எழுதுவார்கள்.

2019 முதல் எம்.பி.பி.எஸ். மாணவர்களையே இப்படி எழுதச் சொல்கிறோம். தானே எழுதிப் பார்க்காத ஆசிரியர் அதை எப்படித் திருத்துவார்?

ஏற்காட்டில் நடத்தினால், 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவர்களுக்கு அரை மணி ஓய்வு கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். தாள்களைப் படமெடுத்து வைத்து, 6 வாரம் கழித்து அவரவருக்கே அனுப்பி, "செய்தீர்களா, எங்கே தடங்கியது?" என்று கேளுங்கள்.