டவுன்ஹவுஸ் விற்கப் போகிறீர்களா? முதலில் கடதாசிப் பெட்டியைத் திறவுங்கள்

வீடு விற்க முடிவெடுத்ததும் எல்லோரும் பெயின்ட் வாங்கத்தான் ஓடுகிறார்கள். டவுன்ஹவுஸ், அதாவது சுவரோடு சுவர் ஒட்டிய தொடர் வீடு என்றால், அதற்கு முன் வீட்டுப் பத்திரங்களும் பில்களும் இருக்கும் கடதாசிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை உட்காருங்கள்.

மாமியாரின் முழங்காலுக்கு மூன்று தட்டுப் படிகள் ஒத்துவரவில்லை என்பதால் ஸ்காபரோவின் மால்வேர்ன் பக்கம் இருந்த எங்கள் கொண்டோ டவுன்ஹவுஸை விற்றோம். அதன்பிறகு சொந்தத்தில் யார் விற்றாலும் என்னைக் கூப்பிட்டுக் கதைப்பார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாம் கனடாவின் ஒன்ராறியோ மாகாண நடைமுறை.

முதலில், உங்களிடம் இருப்பது எந்த வகை வீடு? ஃப்ரீஹோல்ட் என்றால் நிலமும் கூரையும் பின்வளவும் உங்களுடையவை. கொண்டோ என்றால் கூரையும் வெளிச்சுவரும் பெரும்பாலும் கோர்ப்பரேஷனின், அதாவது எல்லா வீட்டுக்காரரும் சேர்ந்த நிர்வாக அமைப்பின் பொறுப்பு. பின்வளவில் நீங்கள் கத்தரி நட்டாலும் அது பல இடங்களில் பொதுச் சொத்துத்தான். இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று உண்டு: வீடும் நிலமும் உங்கள் பெயரில், உள்வீதிக்கு மட்டும் மாதக் கட்டணம். அந்தக் கட்டணத்தை விளம்பரத்திலேயே தெளிவாகப் போடுங்கள். பிறகு வாங்குபவரின் லோயர் கண்டுபிடித்தால் விலைப் பேச்சு மறுபடி முதலில் இருந்து தொடங்கும்.

கொண்டோ என்றால் அதன் நிலவரத்தைக் காட்டும் ஸ்டேட்டஸ் சர்டிபிகேட்டை நீங்களே முன்கூட்டி எடுத்து வையுங்கள். அதற்குக் கோர்ப்பரேஷன் 100 டொலருக்கு மேல் வாங்கக்கூடாது, கேட்டு 10 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கோர்ப்பரேஷனின் சேமிப்பு நிதி எவ்வளவு, வழக்கு ஏதாவது இருக்கிறதா, கூரைக்கோ பார்க்கிங் தளத்துக்கோ வீட்டுக்கு இவ்வளவு என்று தனியாக அறவிடப் போகிறார்களா என்பதெல்லாம் அதில் வரும். வாங்குபவர் படிப்பதற்கு முன் நீங்கள் படித்திருக்க வேண்டும். எங்கள் தொடரில் ஒருவர் பின்னால் வடிவான டெக் (மரத்தளம்) அடித்திருந்தார். பொது இடத்தில் மாற்றம் செய்வதானால் கொண்டோ சட்டத்தின் 98ஆம் பிரிவின்படி கோர்ப்பரேஷனோடு எழுத்தில் உடன்படிக்கை வேண்டும். அவரிடம் அது இல்லை. விற்கும் நேரத்தில் அந்த டெக்கைக் கழற்றச் சொன்னார்கள்.

அடுத்தது வாடகைச் சாமான்கள். சுடுதண்ணீர் டாங்க், ஃபர்னஸ், ஏசி இவற்றில் எது சொந்தம், எது வாடகை என்று பில்லைப் பார்த்து எழுதுங்கள். ஒரு காலத்தில் கதவைத் தட்டி வந்தவர்கள் வயதானவர்களிடம் கையெழுத்து வாங்கி, வீட்டுப் பத்திரத்தின் மேலேயே பதிவு போட்டுவிட்டுப் போனார்கள். விற்கும்போதுதான் ஆயிரக்கணக்கான டொலர் கேட்டுக் கடிதம் வரும். கேட்கவே வயிறு எரியும். 2024 ஜூன் 6 முதல் ஒன்ராறியோ அரசு நுகர்வோர் பொருட்களுக்கான அந்தப் பதிவுகளைத் தடைசெய்து, பழையவையும் காலாவதியானதாக அறிவித்தது. ஆனால் ஒப்பந்தம் தானாக மறைந்துவிடாது. வாங்குபவர் பொறுப்பேற்கிறாரா, நீங்கள் காசு கட்டி முடிக்கிறீர்களா என்பது விற்பனை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

மோட்கேஜ் (வீட்டுக் கடன்) தவணை முடியவில்லை என்றால், முறிப்பதற்கான தண்டம் எவ்வளவு என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். மாறும் வட்டிக்குப் பொதுவாக மூன்று மாத வட்டி. நிலையான வட்டிக்கு அதையும், உங்கள் வட்டிக்கும் இப்போதைய வட்டிக்கும் உள்ள வித்தியாசக் கணக்கையும் பார்த்து எது கூடவோ அதை எடுப்பார்கள். புது வீட்டுக்கு அதே மோட்கேஜை மாற்றலாமா என்றும் கேட்டு வையுங்கள்.

பேஸ்மென்டில் ஆள் இருந்தால் இந்தப் பகுதியை ஆறுதலாகப் படியுங்கள். வீட்டை விற்கிறோம் என்பதற்காக மட்டும் வாடகைக்கு இருப்பவரை எழுப்ப முடியாது. வாங்குபவரோ அவரது நெருங்கிய குடும்பமோ அங்கே வந்து இருக்கப்போகிறார்கள் என்றால், விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, வெளியேறக் கேட்கும் என் 12 (N12) படிவம் கொடுக்கலாம். குறைந்தது 60 நாள் அவகாசம், ஒரு மாத வாடகை நட்டஈடு, வாடகை மாதத்தின் கடைசி நாளில் முடியும் திகதி. லீஸ் ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும் வரை பொறுக்க வேண்டும். அவர் போக மறுத்தால் வாடகைச் சபையின் விசாரணைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். இதற்கிடையில் வெறும் வீடாகத் தருவதாக நீங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பீர்கள்.

எங்கள் பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்த தம்பியோடு குசினி மேசையில் உட்கார்ந்து நேராகக் கதைத்தோம். அவர் வேறு இடம் பார்க்க நேரமும், மாறும் செலவுக்குக் காசும் கொடுத்தோம். இரு தரப்பும் சம்மதித்து, வாடகையை முடித்துக்கொள்ளும் என் 11 (N11) படிவத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விளம்பரம் போட்டோம். அவர் மரியாதையாகப் போனார், நாங்களும் நிம்மதியாக விற்றோம். அதுவரை ஆட்களைக் கூட்டிவந்து காட்ட வேண்டியிருந்தால் 24 மணிநேர எழுத்து அறிவித்தல் கொடுங்கள். காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில்தான் உள்ளே போகலாம்.

வீட்டைத் தயார்செய்வது பற்றி ஏஜென்ட் நிறையச் சொல்வார். நான் இரண்டு மட்டும் சொல்கிறேன். தொடரின் நடுவில் உள்ள வீட்டுக்கு முன்னும் பின்னும்தான் ஜன்னல், அதனால் நடுப்பகுதி பகலிலும் இருளும். அங்கே நல்ல விளக்குப் போடுங்கள். அப்புறம், அடுப்புக்கு மேலே உள்ள விசிறியின் வடிகட்டியைக் கழற்றி எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவுங்கள். தாளித்த மணம் அங்கேதான் தங்கியிருக்கும்.

விலை விஷயத்தில் டவுன்ஹவுஸ் இரக்கமில்லாதது. பக்கத்து வீடும் உங்களுடையதும் ஒரே அளவு, ஒரே வரைபடம். அவர் போன மாதம் என்ன விலைக்கு விற்றாரோ அதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். ஏஜென்டிடம் விளம்பர விலையைக் கேட்காதீர்கள், விற்று முடிந்த விலைகளைக் கேளுங்கள். 2022 தொடக்கத்து விலையை இன்னும் மனதில் வைத்திருப்பவர்களைக் காண்கிறேன். கனடா மத்திய வங்கி 0.25 சதவீதமாக இருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5 சதவீதமாக உயர்த்தியபோது அந்தச் சந்தை போய்விட்டது. வட்டி பிறகு இறங்கியும் அந்த விலை திரும்பவில்லை. இன்னொன்றும் கவனியுங்கள்: ரொறன்ரோ எல்லைக்குள் வாங்குபவர் மாகாணத்துக்கும் நகரத்துக்கும் இரண்டு நில மாற்று வரி கட்டுகிறார். அதே ஆள் எல்லைக்கு வெளியே பிக்கரிங்கிலோ ஏஜாக்ஸிலோ வாங்கினால் ஒன்றுதான். அவர் மனதில் அந்தக் கணக்கு ஓடும்.

நம்மவர்களில் யாருக்குத்தான் ஏஜென்டாக ஒரு மச்சான் இல்லை? சொந்தம் என்பதற்காகக் கேட்காமல் விடாதீர்கள். கமிஷன் பேசித் தீர்மானிப்பதுதான், அதன்மேல் 13 சதவீத எச்எஸ்டி விற்பனை வரி வரும். ஏஜென்டோடு போடும் ஒப்பந்தம் முடிந்த பிறகும் எத்தனை நாள் அவருக்குக் கமிஷன் உரிமை இருக்கும் என்ற வரியையும் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஒஃபர் வந்தால் தொகையோடு நிபந்தனைகளையும் டெபாசிட்டையும் முடிக்கும் திகதியையும் சேர்த்துப் பாருங்கள். எங்களுக்கு வந்த பெரிய தொகைக்கு மோட்கேஜ் நிபந்தனையும் மெல்லிய டெபாசிட்டும் இருந்தன. கொஞ்சம் குறைந்த, ஆனால் வங்கி அனுமதி கையில் இருந்த குடும்பத்துக்குக் கொடுத்தோம். வங்கியின் மதிப்பீடு குறைவாக வந்து, வாங்குபவரால் மிச்சக் காசைப் புரட்ட முடியாமல் முறிந்த விற்பனைகள் வட்டி ஏறிய அந்தக் காலத்தில் நிறைய.

நீங்களே குடியிருந்த வீடு என்றால் பொதுவாக இலாபத்துக்கு வரி இல்லை. ஆனாலும் 2016 முதல் விற்பனையை வருமான வரிப் படிவத்தில் காட்ட வேண்டும். பேஸ்மென்ட் வாடகை வந்திருந்தாலோ வாங்கி ஒரு வருடத்துக்குள் விற்றாலோ கணக்காளரிடம் முன்பே கேளுங்கள். கடைசியாக, வீட்டுக் காப்புறுதியை திறப்புக் கொடுக்கும் அன்று காலையில் நிறுத்திவிடாதீர்கள். பத்திரம் கைமாறிவிட்டது என்று லோயர் போன் எடுத்துச் சொன்ன பிறகு நிறுத்துங்கள்.