மூன்றாம் பக்கத்தில் நிற்கும் தொலைநகல்: இணையத் தொலைபேசியில் நாம் செய்யும் தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் நான் வைத்திருப்பது ஒரு சிறிய நகலெடுக்கும் கடை. தொலைநகல் (ஃபேக்ஸ்) செத்துவிட்டது என்று பேசுபவர்கள் மாதக் கடைசியில் ஒரு நாள் என் கடைக்கு வந்து நிற்க வேண்டும். செம்பனைத் தோட்டத்துக் கிராணியார், அதாவது தோட்ட எழுத்தர், கோப்போடு வருவார். காயம்பட்ட தொழிலாளியின் படிவம், மருத்துவச் சான்று, அடையாள அட்டை நகல் என்று ஏழு பக்கம் இருக்கும். ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். முதல் இரண்டு பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். மூன்றாம் பக்கம் பாதியில் கீச்சென்று ஒரு சத்தம், பிறகு பிழைச் சீட்டு.

"அண்ணே, மிஷின் பழையதாகிவிட்டதா?" என்றார் கிராணியார். நானும் அப்படித்தான் நம்பினேன். புது இயந்திரம் வாங்கினேன். அதுவும் மூன்றாம் பக்கத்திலேயே நின்றது. முதல் தவறு அதுதான். இயந்திரத்தில் கோளாறே இல்லை. அதற்கு இரண்டு மாதம் முன்பு கடையின் செப்புக் கம்பி இணைப்பை எடுத்துவிட்டு, கண்ணாடி இழை இணையத்தோடு வரும் தொலைபேசிக்கு மாறியிருந்தேன். பேச்சு முன்பைவிடத் தெளிவாகக் கேட்டதால் கம்பிமீது எனக்குச் சந்தேகமே வரவில்லை.

பேச்சு தெளிவாக இருந்தால் தொலைநகலும் போகும் என்ற அந்த எண்ணம்தான் எல்லாத் தவறுக்கும் தாய். இணையத் தொலைபேசி ஒலியை 20 மில்லி விநாடித் துண்டுகளாக நறுக்கி, விநாடிக்கு 50 பொட்டலங்களாக அனுப்புகிறது. ஒரு பொட்டலம் தொலைந்தால், தொலைபேசியை இணையத்தோடு சேர்க்கும் பெட்டி அடுத்த முனையிலும் ஒன்று இருக்கிறதே, அது முந்தைய ஒலியை வைத்துக் கற்பனையாக ஒன்றை இட்டு நிரப்பிவிடும். மனிதக் காதுக்கு அது தெரியாது. தொலைநகல் பக்கத்தையே கீச்சொலியாக மாற்றி அனுப்புவதால் அதற்குத் தெரியும். விநாடிக்கு 14,400 பிட் வேகத்தில் அந்த 20 மில்லி விநாடிக்குள் 288 பிட்டுகள் இருக்கின்றன. இட்டு நிரப்பியது அவற்றுக்கு ஈடாகாது.

மூன்றாம் பக்கத்துக்கு வருவோம். ஏன் முதல் பக்கத்திலேயே நிற்கவில்லை? இரு முனையிலும் உள்ள பெட்டிகள் தத்தம் கடிகாரத்தை நம்பி ஒலியை அளக்கின்றன. இரண்டுக்கும் இடையே பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருந்தால் போதும், 200 விநாடியில் 20 மில்லி விநாடி விலகிவிடும். அதாவது ஒரு முழுப் பொட்டலம். அந்த இடத்தில் பெட்டி ஒரு துண்டைக் கூட்டும் அல்லது விழுங்கும். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் என்று வைத்தால், 200 விநாடி எங்கே வந்து விழுகிறது என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். இரு இயந்திரமும் வேகத்தைப் பேசி ஒத்துக்கொள்ளும் தொடக்கக் கைகுலுக்கலுக்குப் போகும் நேரத்தையும் மறக்க வேண்டாம். பேசும்போது இந்தக் கூட்டல் கழித்தலைப் பெட்டி இரண்டு சொற்களுக்கு நடுவே உள்ள மௌனத்தில் ஒளித்துவிடும். தொலைநகல் பக்கத்தின் நடுவே மௌனம் ஏது?

அடுத்த தவறு, ஒலியைச் சுருக்கும் முறையை அப்படியே விட்டுவிடுவது. ஜி.729 என்ற முறை ஒலியை விநாடிக்கு 8 கிலோபிட்டாக ஒடுக்கும். மனிதக் குரலை மனத்தில் வைத்துச் செய்த முறை அது. தொலைநகல் ஒலியை அதில் போட்டால் கூழாகத்தான் வெளிவரும். ஜி.711 என்பது 64 கிலோபிட், சுருக்காதது. தொலைநகல் இருக்கும் வழியில் அதை மட்டும் அனுமதிக்க வேண்டும். பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் மௌனத்தை வெட்டும் வசதி ஒன்று இருக்கும். அதை அணைத்துவிட வேண்டும். அழைப்புக் காத்திருப்பையும் அணைக்க வேண்டும். பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது யாரோ அழைத்தால் 'டுக் டுக்' என்று நடுவே விழும் அந்த ஒலி ஒரு பக்கத்தையே கொன்றுவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு தீபாவளி வாரம் முழுவதும் ஆனது, ஏனென்றால் கூரியர் கேட்டு அழைப்பவர்கள் அப்போதுதான் அதிகம்.

உண்மையான மருந்து டி.38. அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் வெளியிட்ட நெறிமுறை இது. இதில் கீச்சொலி இணையத்தில் பயணம் செய்வதே இல்லை. பெட்டி இங்கேயே கீச்சொலியைக் கேட்டு, அதற்குள் இருக்கும் தரவை எடுத்துப் பொட்டலமாக அனுப்புகிறது. மறுமுனைப் பெட்டி மீண்டும் கீச்சொலியாக்குகிறது. ஒவ்வொரு பொட்டலத்தோடும் முந்தையதன் நகலையும் சேர்த்து அனுப்பலாம் என்பதால் ஒன்று தொலைந்தாலும் அடுத்தது ஈடுகட்டும். கடிகாரச் சண்டையும் இல்லை.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, பலர் அதில் விழுகிறார்கள். பெட்டியில் டி.38ஐ இயக்கிவிட்டோம், வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் அது. உங்கள் பெட்டி, சேவை தருபவர், அவரிடமிருந்து சாதாரணத் தொலைபேசிக்கு மாற்றித் தரும் நிறுவனம் என்று வழியில் இருக்கும் ஒவ்வொரு கட்டமும் அதை ஏற்க வேண்டும். ஒன்று மறுத்தால் அழைப்பு மீண்டும் ஒலியாகவே போகும், அல்லது அறுந்துவிடும். சேவை தருபவரிடம் "டி.38 உண்டா?" என்று கேட்டால் உண்டு என்பார்கள். "வெளியே போகும் அழைப்பில், கடைசிவரை உண்டா?" என்று கேளுங்கள். என்னிடம் முதல் கேள்விக்கு உடனே பதில் சொன்னவர், இரண்டாவது கேள்விக்கு மேலாளரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

வேகத்தில் பெருமை பாராட்டுவது இன்னொரு தவறு. சூப்பர் ஜி3 என்று எழுதியிருக்கும் இயந்திரங்கள் 33,600 பிட் வரை பாயும். இணைய வழியில் அந்த வேகத்துக்கு முயன்றால் கைகுலுக்கலிலேயே பல நேரம் தடுக்கி விழும். அதை அணைத்துவிட்டு 9,600க்கு இறக்குங்கள். ஒரு பக்கத்துக்கு நேரம் கூடும், அவ்வளவுதான். ரப்பர் பால்மரம் சீவுபவரை அவசரப்படுத்தினால் பட்டை காயப்படும், பால் குறையும், அந்தக் கதைதான்.

பிழைதிருத்த முறையான ஈ.சி.எம். பற்றி ஆளுக்கொரு கருத்து. அதை இயக்கினால் மறுமுனை கெட்டுப்போன துண்டுகளைத் திரும்பக் கேட்கும். கம்பி மோசமாக இருந்தால் கேட்டுக்கொண்டே இருந்து, கடைசியில் அறுந்தும் போகலாம். அதனால் அணைத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. அணைத்தால் பக்கம் போய்விடும், ஆனால் நடுவே வரிகள் காணாமல் போயிருக்கும். சம்பளப் பட்டியலிலோ மருந்துச் சீட்டிலோ ஒரு வரி காணாமல் போவதைவிட, போகவில்லை என்ற பிழைச் சீட்டு எவ்வளவோ மேல். நான் வேகத்தைக் குறைத்து, ஈ.சி.எம். இயக்கியே வைத்திருக்கிறேன்.

அடையாள அட்டை நகல் தனிக் கொடுமை. அட்டையின் பின்னணிக் கோலங்களையும் புகைப்படத்தையும் இயந்திரம் கோடிக்கணக்கான புள்ளிகளாகப் பார்க்காவிட்டாலும், சுருக்க முடியாத புள்ளிக் காடாகப் பார்க்கிறது. வெறும் எழுத்துப் பக்கத்தைப் போலப் பல மடங்கு நேரம் பிடிக்கும், நேரம் கூடக்கூட மேலே சொன்ன கடிகாரம் உதைக்கும். புகைப்பட முறையை எடுத்துவிட்டு எழுத்து முறையில், கொஞ்சம் வெளிறலாக வைத்து அனுப்பினால் எண்ணும் பெயரும் தெளிவாகத் தெரியும், முகம் மட்டும் கொஞ்சம் அடிபடும். அதைத் தனி அழைப்பில் அனுப்புவது இன்னும் நல்லது.

கம்பியில்லா இணைப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: வேண்டாம். பட்டணத்துக்கு வெளியே தோட்ட அலுவலகங்களில் கைப்பேசிக் கோபுரத்தை நம்பிய ரவுட்டர்தான் இருக்கிறது. அதில் பொட்டலங்கள் வரும் நேரம் ஒரு சீராக இருப்பதில்லை. அங்கிருந்து அனுப்பிப் பார்த்துவிட்டு என் கடைக்கு வருபவர்களே பாதிப் பேர். கடைக்குள்ளும் பெட்டியை ரவுட்டரோடு கம்பியால் இணைத்து, தொலைபேசிக்கு முன்னுரிமை கொடுத்து வையுங்கள். ஜி.711 அழைப்பு ஒன்றுக்கு ஒவ்வொரு திசையிலும் 90 கிலோபிட்டுக்கும் குறைவாகத்தான் வேண்டும், ஆனால் மாடியில் பையன் காணொளி பதிவேற்றும் நேரத்தில் அந்தச் சிறு வழியும் நெரிந்துவிடும்.

நமக்கென்றே உள்ள சங்கடம் ஒன்று உண்டு: மாலை இடி. செப்புக் கம்பி தொலைபேசிக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தது. இப்போது மின்சாரம் போனால் தொலைபேசியும் போகிறது. ரவுட்டர், பெட்டி, இயந்திரம் மூன்றுக்கும் ஒரே மின்கலக் காப்புப் பெட்டி வையுங்கள். சில இயந்திரங்களில் மின்சாரம் போனதும் தேதியும் அழிந்துவிடும். பக்கத்தின் உச்சியில் அச்சாகும் தேதி தவறாக இருந்ததால் ஒரு கடிதம் கெடு தாண்டி வந்ததாகச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டது. தவறு என் கடையில், அவதிப்பட்டது கிராணியார்.

சோதனை செய்பவர்கள் காலையில் ஒரே ஒரு பக்கத்தைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிட்டுத் திருப்திப்படுகிறார்கள். பட்டணமே இணையத்தில் இருக்கும் இரவு எட்டு மணிக்கு, வேறு நிறுவனத்தின் தொலைபேசி எண்ணுக்குப் பத்துப் பக்கம் அனுப்பிப் பாருங்கள்.

இப்போது கிராணியாரின் ஏழு பக்கம் மூன்று அழைப்புகளில் போகிறது. அனுப்பி முடிந்ததும் ஈப்போ அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, கடைசிப் பக்கத்தில் இருக்கும் தொகையை வாசிக்கச் சொல்கிறேன். அங்கே தொலைபேசியை எடுக்கும் பெண் முதலில் சலித்துக்கொண்டார். இப்போது நான் அழைப்பதற்கு முன்பே தாளைக் கையில் எடுத்து வைத்திருக்கிறார்.